மதில் காத்த நொச்சி

கோட்டையை வளைத்துப் பகைவர் முற்றியபோது, உள்ளிருந்து மதிலைக் காத்த வீரர் சூடிய பூ நொச்சி. புறப்பொருள் வெண்பாமாலை இதனைத் தனித்திணையாகவே வகுத்தது. தொல்காப்பியமோ உழிஞையுள் அடக்கிற்று. வேலியிலும் ஆற்றங்கரையிலும் காட்டோரத்திலும் தானே தழைக்கும் இப்புதர், காவலுக்கு அடையாளமானதில் வியப்பில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

புறநானூற்று 271-ஆம் பாட்டில் வெறிபாடிய காமக்கண்ணியார் காட்டும் காட்சி நெஞ்சை உலுக்குவது. மகளிர் இடையிலே தழையுடையாகக் கண்ட நொச்சி, மாண்ட வீரனின் குருதி தோய்ந்து கிடக்கிறது. அதனைத் தசையென்று மயங்கிப் பருந்து கவர்ந்து செல்கிறது. குறுந்தொகையிலோ கொல்லன் அழிசியின் தலைவி, ஊரெல்லாம் உறங்கியும் தான் உறங்காமல், மயிலின் அடிபோன்ற இலையுடைய நொச்சியின் நீலப்பூ உதிரும் ஓசையைக் கேட்டுக் கிடக்கிறாள். அத்துணைச் சிறிய பூவுக்கு ஓசையும் உண்டோ!

இலக்கியத்தை விட்டு அடுக்களைக்கு வருவோம். சளி பிடித்தால் நொச்சியிலையை நீரிலிட்டுக் கொதிக்கவைத்து ஆவி பிடிப்பதும், தலைவலிக்கு உலர்ந்த இலையைத் தலையணையில் அடைப்பதும் நம் பாட்டிமார் கைமுறைகள். நெற்குதிரில் பூச்சி அண்டாதிருக்க இலையைப் போட்டுவைத்தனர். கொசுவை விரட்டப் புகையும் மூட்டினர். வளாரைக் கொண்டு கூடை முடைந்தனர்.

ஊரை விட்டு வந்தோர் பலர், இது தமிழ்நாட்டுச் செடி, இங்கே கிடைக்காது என்று எண்ணி, ஊரிலிருந்து வருவோரிடம் உலர்ந்த இலையைச் சொல்லியனுப்புகின்றனர். அதற்குத் தேவையில்லை. மராட்டியர் நிர்குடி என்பதும், வங்காளத்தார் நிசிந்தா என்பதும், இந்தியில் சம்பாலூ என்பதும், கன்னடர் லக்கி என்பதும், தெலுங்கர் வாவிலி என்பதும் இதுவே. வடமொழியில் சிந்துவாரம், காளிதாசனின் குமாரசம்பவத்தில் பார்வதி அப்பூவை முத்துச்சரம்போல் அணிந்து வருகிறாள். குறிஞ்சிப்பாட்டின் மலர்வரிசையிலும் சிந்துவாரம் உண்டு. அதனைக் கருநொச்சி என்பர்.

1753-இல் லின்னேயஸ் சூட்டிய தாவரப் பெயரிலும் நம் நாட்டுச் சொல் ஒன்று ‘நெகுண்டோ’ என்று ஒட்டிக்கொண்டது. இலை ஒப்புமையால் அப்பெயரே அமெரிக்க மேப்பிள் மரமொன்றுக்கும் போயிற்று.

ஐயமிருப்பின், மூன்றாகவோ ஐந்தாகவோ விரிந்த இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். காரமான அந்த மணம் காட்டிக்கொடுக்கும். மழைக்காலத்தில் ஒரு முழக் கொம்பை ஈரமண்ணில் ஊன்றினால் வேர்விடும். பிள்ளைகளுக்கு நொச்சி என்ற பெயரையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். லக்கி, நிர்குடி என்பவற்றை அவர்கள் தெருவிலேயே கற்றுக்கொள்வார்கள்.