சுவரில் இருந்த சிவப்பு முக்கோணம்



போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். பழைய துணை சுகாதார நிலையத்தின் சுவரில் அந்தச் சிவப்பு முக்கோணம் மங்கலாக இன்னும் இருக்கிறது. 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்ற எழுத்து மட்டும் அழிந்துவிட்டது. வரலாற்று வாத்தியாருக்கு இது போதாதா? எழுத உட்கார்ந்துவிட்டேன்.

குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக 1952-ல் உலகிலேயே முதலில் தொடங்கிய நாடு இந்தியா. பெரியார் 1930-களிலேயே கர்ப்பத்தடை பற்றி எழுதிவிட்டார். நாட்டின் ஜனத்தொகைக்காக அல்ல, பெண்ணின் விடுதலைக்காக அது வேண்டும் என்றார். 1965-ல் லூப் வந்தது, 1968-ல் நிரோத் வந்தது. ஆனால் கிராமம் உடனே மாறவில்லை.

ஏன்? என் அம்மா பெற்றது ஏழு, தங்கியது நாலு. "எது நிக்கும், எது போகும்னு யாருக்குடா தெரியும்?" என்பார். பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை இல்லாத வீட்டில் முக்கோணத்துக்கு என்ன மதிப்பு? தடுப்பூசியும், வீடு தேடி வந்த நர்சம்மாவும், பெண்பிள்ளைகளின் படிப்பும்தான் அந்த நம்பிக்கையைத் தந்தன. 1990-களில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தை என்ற நிலைக்கு வந்துவிட்டோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆரம்பத்தில் ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் ஆண்களுக்குத்தான். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77-ல் மட்டும், நாடு முழுவதும் 80 லட்சத்துக்கு மேல் ஆபரேஷன் நடந்தது. அதில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் ஆண்கள். வட மாநிலங்களில் பலரைக் கட்டாயப்படுத்தியே செய்தார்கள். அந்தக் கோபம் 1977 தேர்தலில் வெடித்தது. அதன்பின் எந்த அரசும் ஆண்கள் பக்கம் திரும்பவே பயந்தது. சுமை முழுக்கப் பெண்கள் தலையில் இறங்கியது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் மணமான பெண்கள் 100 பேரில் 38 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் ஆபரேஷன் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

அரசைச் சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. 1984-ல் எங்கள் இரண்டாவது பிள்ளை பிறந்ததும் ஆபரேஷன் பேச்சு வந்தது. ஆணுக்குச் செய்வது எளிது, வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை என்று நர்சம்மா எடுத்துச் சொன்னார். எனக்கும் அது தெரியும். ஆனால் அம்மா, "சம்பாதிக்கிற ஆம்பளை உடம்பு" என்றார். நான் வாயே திறக்கவில்லை. உங்கள் அம்மாச்சிதான், பச்சை உடம்போடு, "நானே பண்ணிக்கிறேன்" என்று போனாள். வயிற்றில் தையலோடு அவள் படுத்திருந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

இதுவரை அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நேற்று ராத்திரி கேட்டேன். "இப்பவாவது கேட்டீங்களே" என்றாள். அவ்வளவுதான்.

புதிதாகக் கல்யாணமான என் மாணவர்களே, இந்தப் பேச்சு உங்கள் வீட்டில் வரும்போது வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்