தாழ்கோண நீர்ப்பறவைப் படம்

தாழ்கோண நீர்ப்பறவைப் படம்: கேமராவை நீர்மட்டத்தை ஒட்டி, பறவையின் கண் உயரத்தில் வைத்து அண்மைக் காட்சியாக எடுக்கும் முறை, காட்டுயிர் ஒளிப்படக்கலையின் ஒரு பிரிவு. பின்புலம் வெகுதொலைவில் அமைவதால் மங்கி, பறவை மட்டும் துலங்கும். 400 முதல் 600 மி.மீ. வரை குவியத் தூரமுள்ள லென்ஸ் வழக்கமானது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் காம்பார், பத்து காஜா வட்டார வெள்ளீயச் சுரங்கக் குட்டைகள் இதற்கு மிகச் சிறந்த களம். 1985இல் உலக வெள்ளீயச் சந்தை சரிந்தபின் சுரங்கங்கள் பல மூடப்பட்டன. நீர் தேங்கிய பள்ளங்களில் செந்நாரை, சாம்பல் நாரை, இராக்கொக்கு, தாழைக்கோழி ஆகியவை வாழ்கின்றன. இவ்வட்டாரத்திலுள்ள கிந்தா இயற்கைப் பூங்காவில் நாரைகள் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. கூடுகளை நெருங்கவே கூடாது: தாய்ப்பறவை விலகினால் முட்டைகள் வெயிலில் கெடும். குட்டைக் கரைகள் திடீரென ஆழமாகும், சேறு காலை உள்ளிழுக்கும். எனவே நீரில் இறங்காமல் கரையில் படுத்தே எடுக்க வேண்டும்.