மலசலகூடக் கதவில் நிற்கும் மனிதர்

பாடசாலை மலசலகூடக் கதவில் ஓர் ஆண் உருவம், ஒரு பெண் உருவம். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் விளங்கும். இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது உறவுகளே.

1920களில் வியன்னாவில் ஒட்டோ நொய்ராத் என்றொருவர், புள்ளிவிபரங்கள் சாதாரண தொழிலாளிக்கும் விளங்க வேண்டும் என்று படக்குறிகளைக் கையிலெடுத்தார். உருவங்களை வரைந்தவர் கேர்ட் ஆர்ன்ட்ஸ். 1934இல் அரசியல் மாறியது, நொய்ராத் ஒல்லாந்துக்குத் தப்பிப் போனார்.

முப்பது வருடம் கழித்து, 1964 டோக்கியோ ஒலிம்பிக். யப்பானிய எழுத்து வெளிநாட்டாருக்குத் தெரியாது. வருகிறவர்களின் மொழிகளிலெல்லாம் பலகை எழுதவும் ஏலாது. விமர்சகர் கட்சுமி மசாரு இளம் ஓவியர்களைக் கூட்டினார். விளையாட்டுகளுக்கு 20 குறிகள், யமஷிதா யோஷிரோ வரைந்தவை. தொலைபேசி, முதலுதவி, மலசலகூடம் என்று இடங்களுக்கு 39. (சின்னத்தைச் செய்தவர் கமெகுரா யூசாகு. போர் முடிந்து 19 வருடம்தான். அதே செஞ்சூரியனை ஒலிம்பிக் வளையங்களுக்கு மேல் வைத்தார். துணிச்சல்தான்!)

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. வேலை முடிந்ததும், பதிப்புரிமையைக் கைவிடுவதாக எழுதிய தாளில் கட்சுமி அந்த இளைஞர்களிடம் கையெழுத்து வாங்கினார். பெயருமில்லை, பணமுமில்லை. யாரும் எங்கும் எடுத்துப் பாவிக்கலாம். உலகத்து விமான நிலையங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் இந்த வழக்கம் பரவியதில் அந்தத் தாளுக்கும் பங்குண்டு என்பது என் எண்ணம்.

1972 மியூனிக் ஒலிம்பிக்குக்கு ஒட்ல் ஐக்கர் இன்னும் நேர்த்தியாக வரைந்தார். அவற்றின் உரிமை பிறகு ஒரு ஜேர்மன் மின்விளக்குக் கம்பனியிடம் போய்ச் சேர்ந்தது.