லினக்ஸில் கேம் விற்கப் போன லோகி

"லினக்ஸா? அதுல கேம் எல்லாம் ஓடாதே!" கம்ப்யூட்டர் வைத்திருக்கும் யாரும் ஒருமுறையாவது கேட்ட வசனம் இது. பாதிதான் உண்மை. ஓடாமல் இருந்ததற்குக் காரணம் தொழில்நுட்பம் மட்டுமல்ல, துட்டும்தான். அந்தக் கதையைப் பார்ப்போம்.

லினக்ஸ் பிறந்தது 1991ல். மூன்றே வருடத்தில், 1994லேயே, டூம் அதில் ஓடியது. இட் சாஃப்ட்வேரில் வேலை பார்த்த டேவ் டெய்லர் என்பவர் அதை மாற்றி எழுதினார். 1997 டிசம்பரில் டூமின் மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டபோது வெளியே வந்ததும் இந்த லினக்ஸ் வடிவம்தான். டாஸ் வடிவத்தில் இருந்த ஒலி நிரல் வேறு ஆளுக்குச் சொந்தம், அதை வெளியிட முடியாது!

ஆனால் கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கும் கேம்? அதற்குத்தான் 1998ல் ஸ்காட் டிரேக்கர் கிளம்பினார். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இருந்த இவர் தொழிலால் வக்கீல். கம்பெனிக்கு வைத்த பெயர் லோகி. வடநாட்டுப் புராணத்தில் (நம்ம வடநாடு இல்லைங்க, ஐரோப்பாவின் வடக்கு) எல்லோரையும் ஏமாற்றும் குறும்புக்காரக் கடவுளின் பெயர் அது.

லோகியின் யோசனை எளிமையானது. விண்டோஸில் நன்றாக விற்ற கேம்களுக்கு உரிமம் வாங்குவது, லினக்ஸுக்கு மாற்றுவது, பெட்டியில் போட்டு விற்பது. 1999ல் முதல் கேம் வந்தது, சிவிலைசேஷன்: கால் டு பவர். அடுத்து மித் 2, ரயில்ரோட் டைகூன் 2, ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3, சிம்சிட்டி 3000 என்று வரிசையாக வந்தன. தரத்தில் குறை சொல்ல முடியாது. அப்புறம் எங்கே இடித்தது?

வரவு செலவுக் கணக்கில்தான். புது கேம் செய்யும் கம்பெனிக்குச் சந்தை முழுக்க வாடிக்கையாளர்கள். லோகிக்கோ அதில் ஒரு சின்னத் துண்டு மட்டும். அந்தத் துண்டிலும் பெரும்பாலோர் வீட்டில் அதே கம்ப்யூட்டரில் விண்டோஸும் இருந்தது. ஹீரோஸ் 3 விண்டோஸுக்கு வந்தது 1999 தொடக்கத்தில், லினக்ஸுக்கு வந்தது அந்த வருட டிசம்பரில். ஆசைப்பட்டவன் பத்து மாதம் காத்திருப்பானா? விண்டோஸில் ஏற்கெனவே விளையாடி முடித்திருப்பான்.

குவேக் 3 கதை இன்னும் பாவம். விண்டோஸ் சிடியை வாங்கிக்கொண்டு, லினக்ஸுக்கான இயங்கு கோப்பை மட்டும் இணையத்தில் இலவசமாக இறக்கினாலே விளையாடலாம். லோகியின் பெட்டிக்காக எதற்குக் காத்திருக்க வேண்டும்? வாங்கியவர் லினக்ஸ்காரர், ஆனால் கணக்கில் அது விண்டோஸ் விற்பனை. லினக்ஸ்காரர்கள் கேம் வாங்க மாட்டார்கள் என்ற பேச்சுக்கு இதுவும் ஒரு காரணம். கொஞ்சம் அநியாயமான பேச்சு அது.

டாட்காம் குமிழி உடைந்த நேரம் வேறு. 2001 ஆகஸ்டில் லோகி திவால் பாதுகாப்பு கேட்டு மனுப் போட்டது. 2002 ஜனவரி கடைசியில் கதவைச் சாத்தியது.

கம்பெனி போனாலும் அங்கே வேலை பார்த்த ஆட்கள் போகவில்லை. சாம் லாண்டிங்கா என்பவர் 1998ல் எஸ்டிஎல் என்ற நிரல் தொகுப்பை எழுதினார். திரை, ஒலி, விசைப்பலகை இவற்றைக் கேமோடு இணைக்கும் வேலை அதற்கு. அதை வைத்து எழுதினால் ஒரே கேமை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் கொண்டுபோவது சுலபம். லோகியின் கேம்கள் அதன் மேல்தான் நின்றன. திறந்த மூலநிரல் என்பதால் கம்பெனியோடு அது சாகவில்லை. அங்கேயே வேலை பார்த்த ரையன் கார்டன் பிறகு தனி ஆளாக அன்ரியல் டோர்னமெண்ட் 2004 உட்படப் பல கேம்களை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார்.

நடுவில் இலவச கேம்களும் வந்துகொண்டுதான் இருந்தன. பெங்குவின் பனியில் சறுக்கும் டக்ஸ் ரேசர், 2002ல் ஃப்ரோசன் பபிள், 2003ல் டேவிட் ஒயிட் தொடங்கிய பேட்டில் ஃபார் வெஸ்நாத். கடைசியாகச் சொன்னது மட்டும் ஒரு விடுமுறையையே விழுங்கிவிடும், ஜாக்கிரதை :)

லினக்ஸ்காரர் காசு கொடுக்க மாட்டார் என்ற பேச்சுக்குச் சரியான அடி 2010 மேயில் விழுந்தது. ஹம்பிள் இண்டி பண்டில் என்று சில கேம்களைச் சேர்த்து, விருப்பப்பட்ட விலை கொடுங்கள் என்றார்கள். சராசரியாக அதிகம் கொடுத்தவர்கள் லினக்ஸ்காரர்கள்!

பெரிய முதலாளி வந்தது 2012ல். ஸ்டீம் கடையை நடத்தும் வால்வின் தலைவர் கேப் நியூவெல், விண்டோஸ் 8ஐப் பேரழிவு என்றே சொன்னார். மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்குள்ளேயே தன் சொந்தக் கடையைத் திறந்தால் ஸ்டீம் என்ன ஆகும் என்ற பயம் இருக்காதா? அந்த வருடமே லாண்டிங்கா வால்வில் சேர்ந்தார். 2013 பிப்ரவரியில் ஸ்டீம் லினக்ஸுக்கு வந்தது.

அப்போதும் கேம் கம்பெனிகள் அவ்வளவாக அசையவில்லை. லோகிக்கு வந்த அதே சிக்கல்தான். ஒவ்வொரு கேமையும் தனியாக மாற்றிக் கட்டுபடியாகாது. எனவே வால்வ் கணக்கையே மாற்றியது. கேமை மாற்றாதே, விண்டோஸ் கேமை அப்படியே ஓட வை. 1993ல் தொடங்கிய ஒயின் என்ற திறந்த மூலநிரல் திட்டத்தின் மேல் கட்டிய புரோட்டான் 2018 ஆகஸ்டில் வந்தது. முதல் நாள் வால்வ் சோதித்து உத்தரவாதம் தந்தவை 27 தலைப்புகள், அதில் டூமும் உண்டு. 2022ல் வந்த ஸ்டீம் டெக் கையடக்கக் கருவியில் ஓடுவதும் இந்த லினக்ஸ்தான்.

இன்று ஒரு கேம் ஓடுமா என்று பார்க்க புரோட்டான்டிபி தளத்தில் பெயரைத் தட்டினால் போதும், விளையாடியவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். சிக்கல் பெரும்பாலும் ஆன்லைன் போட்டி கேம்களில்தான். ஏமாற்று வேலையைத் தடுக்கும் நிரல்கள் சில லினக்ஸை உள்ளேயே விடுவதில்லை. ஃபோர்ட்நைட், வேலரண்ட் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.