சீரற்ற இதயத்துடிப்பு: கத்தீட்டர் சிகிச்சை பலன் தருமா, முன்கூட்டியே சொல்ல முடியுமா?

"நெஞ்சு திடீர்னு படபடன்னு அடிக்குது..."

வீட்டில் அப்பாவோ தாத்தாவோ இப்படிச் சொல்லிக் கேட்டதுண்டா?

அதற்கு 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' காரணமாக இருக்கலாம். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும் நிலை அது. அங்கே ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம். கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரலாம்.

மருந்து போதாவிட்டால் மருத்துவர் 'அப்லேஷன்' சிகிச்சையைப் பரிந்துரைக்கக்கூடும். உடனே எழும் கேள்வி: "செஞ்சா சரியாயிடுமா?"

என்ன செய்வார்கள்?

தொடை இடுக்கிலுள்ள ரத்தநாளம் வழியாக 'கத்தீட்டர்' எனும் மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்துவார்கள்.

துடிப்பைக் குலைக்கும் மின்தூண்டல்கள் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் நாளங்களில் தொடங்குகின்றன. பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் 1998இல் அதைக் கண்டறிந்தனர். அந்த நாளங்களின் வாயைச் சுற்றி வெப்பத்தாலோ குளிராலோ தழும்பு ஏற்படுத்தினால் தூண்டல் தாண்டி வராது.

பலனை எப்படிக் கணிக்கிறார்கள்?

'ஆப்பிள்' என்றொரு மதிப்பெண் முறை உண்டு. ஒவ்வொரு 'ஆம்' பதிலுக்கும் ஒரு புள்ளி.

~ வயது 65க்கு மேலா?
~ சீரற்ற துடிப்பு 7 நாளுக்கு மேல் நீடிக்கிறதா?
~ சிறுநீரகத்தின் செயல்பாடு குறைந்துள்ளதா?
~ இடது மேலறையின் விட்டம் 43 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேலா?
~ இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் பாதிக்கும் குறைவாக வெளியேற்றுகிறதா?

புள்ளி கூடக் கூட, பிரச்சினை திரும்பும் வாய்ப்பும் கூடும்.

ஏன் அப்படி?

கோளாறு நாள்பட நாள்பட மேலறை விரியும். அதன் தசை இறுகும். அப்போது தவறான தூண்டல்கள் வேறு இடங்களிலும் கிளம்பலாம். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவது நல்லதல்ல என்பது அதனால்தான்.

மதிப்பெண்தான் முடிவா?

இல்லை. பலரைப் பார்த்துக் கணித்த பொதுவான வாய்ப்புதான் அது; ஒருவருக்கு என்ன நடக்கும் என்பதை அது உறுதியாகச் சொல்லாது.

உங்கள் கையில் இருப்பவையும் உண்டு: உடல் எடை, ரத்த அழுத்தம், மது, தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் பிரச்சினை. அவற்றைக் கட்டுக்குள் வைத்தோருக்குச் சிகிச்சைக்குப் பிறகு துடிப்பு சீராக நீடிக்கும் வாய்ப்பு அதிகம் என்று ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் செய்யப்பட்டு, 2014இல் வெளியான ஆய்வு காட்டியது.

நினைவில் கொள்ளுங்கள்

~ முதல் 2, 3 மாதங்களில் படபடப்பு வந்தாலே சிகிச்சை தோல்வி என்று அர்த்தமில்லை. ஆனால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.
~ சிலருக்கு இரண்டாம் முறையும் சிகிச்சை தேவைப்படலாம்.
~ "துடிப்புதான் சரியாயிடுச்சே" என்று ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதைத் தொடர்வதா என்பது பக்கவாத அபாயத்தைப் பொறுத்தது.

அடுத்த முறை வீட்டுப் பெரியவர்களோடு மருத்துவரிடம் சென்றால், "சரியாயிடுமா?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "சரியாக நாங்க என்ன செய்யணும்?" என்றும் கேளுங்கள்.