கிரகணத்தன்னைக்கு வராத பிள்ளை

இன்னைக்குக் கதை எங்க ஊர்ல ஆரம்பிக்குது. பாவூர்சத்திரம். திருநெல்வேலியில இருந்து குற்றாலம் போயிருந்தீங்கன்னா, தென்காசிக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு பெரிய காய்கறி மார்க்கெட் இருக்கிற ஊரைத் தாண்டியிருப்பீங்க. அதேதான்.

2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல். நான் அப்போ எட்டாங்கிளாஸ். அன்னைக்குக் கங்கண சூரிய கிரகணம், இந்த ஆயிரமாண்டுலயே மிக நீளமானது. இந்தியப் பெருங்கடல்ல ஒரு இடத்துல அந்த வளையம் 11 நிமிஷம் 8 விநாடி தெரிஞ்சுது. எங்க ஊரும் அந்தப் பாதைக்குள்ளதான் இருந்துச்சு. லீவு நாளா இருந்தாலும் சயின்ஸ் சார் எங்களை ஸ்கூலுக்கு வரச் சொல்லியிருந்தார். அட்டையில ஊசியால ஓட்டை போட்டு வெயில்ல பிடிச்சோம். மதியம் ஒண்ணேகால் வாக்குல, கீழே விரிச்ச வெள்ளைத் தாள்ல குட்டி மோதிரம் மாதிரி வெளிச்சம் விழுந்துச்சு. திரும்பிப் பார்த்தா, வேப்பமரத்து நிழல் முழுக்க அதே மோதிரங்கள்! இலைக்கு இலை இருக்கிற இடுக்கு ஒவ்வொண்ணும் ஒரு ஊசி ஓட்டை. ஒளி நேர்கோட்டில் செல்லும்னு ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணினது, அன்னைக்குத் தரையில கிடந்துச்சு.

எங்க கிளாஸ்ல முதல் மார்க் வாங்குற பிள்ளை மட்டும் வரல. கிரகணத்துக்குப் பயந்து வீட்டுக்குள்ள இருக்கான்னு நினைச்சோம். விஷயம் அது இல்ல. மறுநாள் கடையில பீடி ஒப்படைக்கணும். அவங்க அம்மா தட்டை மடியில வச்சுச் சுத்திக்கிட்டு இருக்க, இவ இலை வெட்டிக் கொடுத்துக்கிட்டு இருந்திருக்கா.

'ஹேண்ட்ஸ் ஆன் லேர்னிங்'னு யாராவது பேசினா எனக்கு அவ கைதான் ஞாபகம் வரும். கையால கத்துக்கிறதுல எங்க எல்லாரையும் விட அவதானே சீனியர்?

இந்தக் கேள்வி தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்ல. 1937-ல வார்தா மாநாட்டுல காந்தி, ஒரு கைத்தொழில் வழியாவே எல்லாப் பாடமும் சொல்லித் தரணும்னு ஆதாரக் கல்வியை முன்வச்சார். அது ஒரு பாதை. 1953-ல ராஜாஜி கொண்டுவந்த திட்டம் வேற. கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள்ல ஒரு பிள்ளைக்கு வகுப்பு தினம் மூணு மணி நேரம்தான். மிச்ச நேரம் வீட்டுத் தொழிலைப் பார்த்துக் கத்துக்கணும். இருக்கிற கட்டடம், இருக்கிற வாத்தியாரை வச்சு ஷிஃப்ட் முறையில கூடுதல் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம்ங்கிறது அரசாங்கத்தோட வாதம். கணக்கா பார்த்தா அதுல ஒரு லாஜிக் இருக்கு. ஆனா சாதியும் தொழிலும் ஒட்டிக்கிட்டு இருக்கிற ஊர்ல அந்த மிச்ச நேரம் எங்க போய் நிக்கும்? பெரியாரும் திமுகவும் 'குலக்கல்வி'ன்னு பேர் வச்சு எதிர்த்தாங்க. 1954-ல ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் போச்சு. என்னைக் கேட்டா, போனதுதான் சரி.

அதுக்காகக் கையே வேண்டாம், புத்தகம் மட்டும் போதும்னு ஆகிடுமா? 1972-ல மத்தியப் பிரதேசத்துல ஹோஷங்காபாத் மாவட்டத்துல ஒரு முயற்சி தொடங்குச்சு. 16 நடுநிலைப் பள்ளிகள், அரசுப் பள்ளிகள்தான். ஆறுல இருந்து எட்டு வரைக்கும் அறிவியல் முழுக்கச் சோதனை வழியாவே. குழு குழுவா உட்கார்ந்து செஞ்சு பார்த்து, என்ன நடந்துச்சுன்னு தங்களோட வார்த்தையில எழுதணும். எனக்கு ரொம்பப் பிடிச்சது அவங்க பரீட்சை: புத்தகத்தைத் திறந்து வச்சுக்கிட்டே எழுதலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. பரீட்சையை மாத்தாம பாடத்தை மட்டும் மாத்தினா ஒண்ணும் நடக்காதுன்னு அவங்களுக்குப் புரிஞ்சிருந்துச்சு. அர்விந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வச்சு முக்கோணம், கனசதுரம்லாம் செஞ்சது அங்கதான். (எங்க பக்கம் தீக்குச்சின்னா கோவில்பட்டி, சிவகாசி. அங்க ஒரு காலத்துல பிள்ளைங்க கை தீக்குச்சியை வச்சு என்ன பண்ணுச்சுன்னு உங்களுக்கே தெரியும்.) 30 வருஷம் ஓடின அந்தத் திட்டத்தை 2002-ல மாநில அரசு நிறுத்திருச்சு.

நம்ம ஊருக்கு வருவோம். 2022 நவம்பர் 28 அன்னைக்குத் திருச்சியில 'வானவில் மன்றம்' தொடங்கினாங்க. அரசுப் பள்ளிகள்ல ஆறுல இருந்து எட்டு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு. கருத்தாளர்கள் சோதனைப் பொருட்களை எடுத்துக்கிட்டுப் பள்ளிக்கே வந்து, ஆசிரியரோட சேர்ந்து கணக்கும் அறிவியலும் செஞ்சு காட்டுறாங்க, பிள்ளைகளையும் செய்ய வைக்கிறாங்க. ஒரு கருத்தாளருக்கு நிறைய பள்ளிகள், அடுத்த தடவை வர நாளாகும். அந்தக் குறை எனக்கும் தெரியுது. ஆனா ஒரு விஷயம் கவனிங்க. இது நடக்கிறது பள்ளி நேரத்துல.

நகரத்துல நம்ம பார்க்கிற ரோபோட்டிக்ஸ் கிளாஸ், சம்மர் கேம்ப் எல்லாம் மிச்ச நேரத்துல நடக்குறது. மிச்ச நேரம் சொந்தமா இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் அது. எங்க சார் நல்ல மனசோடதான் லீவு நாள்ல கூப்பிட்டார், கிரகணம் நம்ம டைம்டேபிள் பார்த்தா வரும்? இருந்தாலும் அந்தப் பிள்ளையோட லீவு நாள் அவகிட்ட இல்ல.

ரெண்டு நாள் கழிச்சு அவகிட்ட வேப்பமரத்தடியில பார்த்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுக் கேட்டா: "ஓட்டை சதுரமா இருந்தாலும் மோதிரம் வட்டமாத்தான் விழுமாலே?"

நாங்க யாரும் சதுரமா வெட்டிப் பார்க்கல.