பிறந்த இடம்: இணுவில்

இம்மலரின் வேலைகளுக்காகக் கிருலப்பனையில் ஒரு தோழியின் வீட்டில் கூடியிருந்தோம். தேநீருக்கிடையே ஒருவர், "எந்த ஆஸ்பத்திரியிலை பிறந்தனீங்கள்?" என்று கேட்டார். இருந்த ஒன்பது பேரில் ஐவர் "இணுவில்" என்றோம். ஒருவர் மானிப்பாய், ஒருவர் மூளாய். இருவர் மட்டுமே யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி. கல்லூரியின் வரலாற்றைப் பலர் எழுதுகிறார்கள். நம்மை உலகத்துக்குக் கொண்டுவந்த இந்த வைத்தியசாலைகளின் கதையை நீங்களே எழுதுங்கள் என்று வைத்தியத் தொழிலிலிருக்கும் எங்களிடம் ஒப்படைத்தார்கள்.

1816 இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன், பள்ளிக்கூடங்களோடு வைத்தியத்தையும் கொண்டுவந்தது. 1819 இன் இறுதியில் இலங்கை வந்த டாக்டர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் நோயாளரைப் பார்த்தார். பின்னாளில் வேலூர் மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் இவருடைய பேத்தி. 1847 இல் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் வந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 25. அடுத்த ஆண்டு மானிப்பாயில் குடியேறி நோயாளரைப் பார்த்ததோடு, உள்ளூர் இளைஞருக்கு வைத்தியமும் கற்பித்தார். இன்றைய யாழ். போதனா வைத்தியசாலையின் தொடக்கமும் இக்காலத்ததே. அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் 1850 இல் ஒரு தர்ம வைத்தியசாலையாக அது உருவானது.

கிறீன் கண்ட சிக்கல் நமக்குப் புதிதல்ல. ஆங்கிலத்தில் படித்துத் தேறிய மாணவர் அரசாங்க உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போனார்கள். கிராமத்து நோயாளி பழையபடி வைத்தியரின்றி இருந்தார். ஆகவே 1864 முதல் கிறீன் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, மகப்பேறு, சத்திர சிகிச்சை, இரசாயனம் எனத் துறை துறையாக நூல்கள் தமிழில் வந்தன. உதவியாளரோடு அவர் ஆக்கியவை நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டவை. அவரிடம் பயின்ற வைத்தியர் அறுபதுக்கும் மேல். 1884 இல் அமெரிக்காவில் இறந்த அவருடைய கல்லறையில், தமிழருக்குப் பணிசெய்த வைத்தியர் என்றே அவர் விரும்பியபடி பொறித்திருக்கிறார்கள்.

ஆனால் ஆண் வைத்தியரிடம் உடம்பைக் காட்ட நம் பாட்டிமாரின் பாட்டிமார் சம்மதிக்கவில்லை. பிள்ளைப்பேற்றில் சிக்கல் வந்தால் தாயும் பிள்ளையும் வீட்டின் உள்ளறையிலேயே மடிந்தார்கள். இதைக் கண்ட லீச் சகோதரிகள், மேரியும் மார்கரெட்டும், பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் ஊர் ஊராகப் பேசிப் பணம் திரட்டினார்கள். அதன் பயனாகப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென 1898 இல் இணுவில் மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பட்டது. டாக்டர் இசபெல்லா கேர் நெடுங்காலம் அதை நடத்தினார். மருந்தின் பெயரை வாசிக்கவும், காய்ச்சலின் அளவைக் குறிக்கவும், இரவில் நடந்ததைக் காலையில் எழுதிக் கொடுக்கவும் படித்த பெண்கள் தேவைப்பட்டார்கள். பெண்கள் பாடசாலைகள் அவர்களைத் தந்தன. "பெட்டைக்குப் படிப்பெதற்கு?" என்று கேட்ட ஊருக்குக் கிடைத்த பதில்களுள், பிரசவ அறையில் நின்ற தாதியும் ஒருவர்.

1930களில் மூளாய் மக்கள் இன்னொரு படி மேலே போனார்கள். கடல்கடந்த கொடையை எதிர்பாராமல், பங்குப்பணம் போட்டுக் கூட்டுறவு முறையில் தாங்களே ஒரு வைத்தியசாலையைக் கட்டினார்கள். நோயாளியே அதன் உரிமையாளர். இலங்கையில் கூட்டுறவு வைத்தியசாலைகளுக்கு அதுவே முன்னோடி.

இந்த மூன்றும் இலாபத்துக்காக எழுந்தவை அல்ல. இலவச அரச வைத்தியம் பரவியபோது அவற்றின் வருவாய் குறைந்தது. பிறகு போர் வந்தது. 1995 ஐப்பசி 30 இரவு, நாங்கள் பாடசாலைச் சீருடையைப் பையில் திணித்துக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது, கட்டில்களும் கருவிகளும் பின்னால் கிடந்தன. ஆயினும் மானிப்பாயும் இணுவிலும் மூளாயும் மறுபடி எழுந்து இன்றும் நோயாளரைப் பார்க்கின்றன.

ஆட்கள்தான் இல்லை. கிறீன் எதைத் தடுக்கத் தமிழில் கற்பித்தாரோ, அதையே நாங்கள் செய்தோம். படித்தோம், போனோம். எங்கள் வகுப்பில் வைத்தியரான நால்வரில் ஒருவரும் யாழ்ப்பாணத்தில் இல்லை. போனதற்குக் காரணங்கள் இருந்தன. அவற்றை மறைக்கவும் வேண்டாம், அவற்றின் பின்னால் ஒளியவும் வேண்டாம்.

போன இடத்திலும் அந்தப் பாடம் நம்மைத் தொடர்கிறது. வெள்ளவத்தையில் தனியே வசிக்கும் எங்கள் உறவுக்கார அம்மம்மா ஒருவரைச் சென்ற வருடம் ஒரு தனியார் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். "நெஞ்சு அடைக்குது" என்று அவர் சொன்னதைத் தமிழறியாத இளம் வைத்தியர் மூச்சடைப்பு என எடுத்துக்கொண்டு, புகை பிடிக்கக் கொடுத்து அனுப்பிவிட்டார். மாரடைப்பென்று தெரிய மறுநாளாயிற்று. தப்பிவிட்டார். கட்டணச் சீட்டு மட்டும் பிழையில்லாமல் இருந்தது.

ஆகவே நம் பழைய மாணவிகளிடம் இரண்டு கேட்கிறோம். லண்டனிலோ ரொறொன்ரோவிலோ மெல்பேர்ணிலோ இருக்கும் வைத்தியர்களும் தாதியரும் ஊருக்கு விடுமுறையில் போகையில், கோயில், கலியாணவீட்டுக்கு ஒதுக்கும் நாட்களில் மூன்றை இந்த வைத்தியசாலைகளில் ஒன்றுக்குக் கொடுங்கள். போக முடியாதவர்கள், உங்கள் தெருவில் மொழி தெரியாமல் கிளினிக்குக்குப் போகும் ஒரு முதியவரோடு கூடப் போங்கள்.

அது நமக்கென்ன என்று தோன்றினால், கடவுச்சீட்டை எடுத்துப் பாருங்கள். நாடு மாறியிருக்கலாம், குடும்பப் பெயரும் மாறியிருக்கலாம். பிறந்த இடம் என்ற வரி மாறியிருக்காது.